பம்பு அவரிடம், மாத்திரை என்னிடம்

என்னைச் சைக்கிளில் ஏற்றிவிட்டது பயம்தான். ஐம்பதை நெருங்கும் வயதில், தலைநகரில் துவாரகா பக்கம் ஒரு சொசைட்டி ஃபிளாட்டில் குடியிருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி, தலையில் ஹெல்மெட்டும் முழங்கையில் பிளாஸ்திரியுமாக இருநூறு கிலோமீட்டர் மிதிக்கக் கிளம்பினால், அதற்கு ஏதோ உயர்ந்த காரணம் இருக்கும் என்று ஊரார் நினைக்கிறார்கள். உடம்பைக் குறைக்க என்றார் ஒருவர். பெண்களுக்கு முன்மாதிரி என்றாள் எங்கள் தலைமை ஆசிரியை. அதெல்லாம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் சைக்கிளில் போனார். அவர் உயிரோடு திரும்பி வருவாரா என்ற பயம் என்னை வீட்டில் உட்கார விடவில்லை.

அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு கோப்பாக உட்கார்ந்திருந்த மனிதர். நாங்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் பால் வாங்கிவரச் சொன்னால்கூட ஸ்கூட்டர் சாவியைத் தேடுவார். ஸ்டென்ட் வைத்த டாக்டர், "தினமும் கொஞ்ச தூரம் நடங்கள்" என்று சொல்லி அனுப்பினார். நடப்பது அலுப்பாக இருக்கிறது என்று இவர் போய் ஒரு சைக்கிள் வாங்கிவந்தார். முதலில் துவாரகாவின் செக்டர் சாலைகளைச் சுற்றினார். பிறகு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இந்தியா கேட் வரை போகும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்தார். அப்புறம் ஐம்பது, நூறு என்று தூரம் ஏறிக்கொண்டே போனது. தொப்பை கரைந்தது, முகத்தில் களை வந்தது. டாக்டரும் நெஞ்சைச் சோதித்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். என் தூக்கம் போனதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியில் நிற்பேன். காபி ஆறிப்போகும். போன் செய்தால் எடுக்க மாட்டார். மறுபடி செய்வேன், எடுக்க மாட்டார். அதற்குள் என் மனது அவரை லாரிக்கு அடியிலும், சாலையோரத்திலும், ஏதோ ஓர் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரிலும் வைத்துப் பார்த்துவிடும். கடைசியில் வியர்வையும் சிரிப்புமாக வந்து நிற்பார்.

"போனை ஏன் எடுக்கலை?"

"பின் பாக்கெட்ல இருந்துச்சு. கேக்கலை."

ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி, இதே பதில். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் ஜெர்சியில் பாக்கெட் முதுகுப் பக்கம் இருக்கும். அந்தப் பாக்கெட்டை வடிவமைத்தவனை நான் மனதாரச் சபித்திருக்கிறேன்.

ஒரு நாள் இருநூறு கிலோமீட்டர் ஓட்டப் போகிறேன் என்றார். இதற்கு ப்ரெவே என்று ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்திருக்கிறார்கள். பந்தயம் இல்லை. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் மரியாதை ஒன்றுதான். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழியில் சொல்லிவைத்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும், வண்டி பழுதானால் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவர் ஏதோ பக்கத்துக் கோயிலுக்குப் போய்வருவதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அன்று சாயங்காலமே நானும் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். திருச்சியில் பள்ளிக்கூடத்துக்கு லேடீஸ் சைக்கிளில் போன பழக்கம் கால்களில் எங்கோ மிச்சம் இருக்கும் என்று நம்பினேன். இருந்தது, ஆனால் நிறுத்தும்போது மட்டும் விழுந்தேன்.

"பாபிஜி, ஆப் பீ?" என்று மேல்வீட்டு அம்மாள் லிஃப்டில் வாயைப் பிளந்தார். நீங்களுமா என்ற அந்தக் கேள்வியில் பாதி அனுதாபம், பாதி சிரிப்பு. நான் சிரித்துவைத்தேன். காவல் காக்கப் போகிறேன் என்று லிஃப்டில் விளக்கவா முடியும்?

ஒரு வருஷம் அப்படி ஓட்டினேன். சைக்கிளில் எனக்கு இன்பம் எதுவும் தெரியவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் கண் எப்போதும் அவர் முதுகின் மேல்தான் இருந்தது. அவர் தோள் கொஞ்சம் சாய்ந்தால் பக்கத்தில் போய் முகத்தைப் பார்ப்பேன். மேடு வந்தால் அவர் மூச்சை நான் எண்ணுவேன்.

தூரம் போகிறவர்கள் சாமானின் எடைக்குப் பயப்படுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து போனால் எதையும் இரண்டாக எடுத்துக்கொள்வதில்லை, பங்கு போட்டுக்கொள்வார்கள். நாங்களும் அப்படித்தான். பம்பு, மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் எல்லாம் அவர் பையில். சாப்பாடு என் பையில்: ஃபாயிலில் சுற்றிய புளியோதரை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய கடலை மிட்டாய். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் என்னிடம்தான். அவரிடம் கொடுத்தால் எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவார் என்று நானே வைத்துக்கொண்டேன். இவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டை நான் என் மாணவர்களுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. எங்கள் கூட்டத்தில் எல்லோருமாகச் சேர்ந்து ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் ஒரே கடையில் பின்விளக்கு வாங்கினோம். மொத்தமாக வாங்கினால் விலை குறைவு. வேகமாக மூன்று முறை சிமிட்டும், ஒரு கணம் நிற்கும், மறுபடி மூன்று முறை. எல்லோருடைய விளக்கும் ஒன்றேபோல்.

அவர் சொன்ன அந்த இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் பிப்ரவரியில் வந்தது. துவாரகாவிலிருந்து நஜஃப்கர் வழியாக தான்சா எல்லையைத் தாண்டி, ஹரியானாவுக்குள் ஜஜ்ஜர், ரேவாரி வரை போய் அதே வழியில் திரும்ப வேண்டும். விடியற்காலையில் கிளம்பும்போதே பனிமூட்டம். நஜஃப்கரைத் தாண்டியதும் அது மாவு கரைத்துவிட்டதுபோல ஆகிவிட்டது. முன்சக்கரத்தைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியில் நீர் படிந்து எனக்கு அதுவும் தெரியவில்லை.

"ஏங்க, திரும்பிடலாம்" என்றேன்.

"வெயில் வந்தா சரியாயிடும். நான் முன்னால போறேன். என் லைட்டை மட்டும் பாத்துக்கிட்டு வா."

பனியில் எல்லோரும் செய்வது அதுதான். முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போவது. நானும் பிடித்துக்கொண்டேன். மூன்று சிமிட்டல், ஒரு கணம். மூன்று சிமிட்டல், ஒரு கணம். எல்லையைத் தாண்டினோம், ஒரு செங்கல் சூளையின் புகை மூக்கில் ஏறியது. ஒருமுறை கண்ணாடியைத் துடைக்க மெதுவாக்கினேன். பக்கத்தில் யாரோ கடந்து போன சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது விளக்கு அங்கேயே இருந்தது, போனேன். "ரொம்ப வேகமா போறீங்க" என்று கத்தினேன், அது மெதுவானது. ஒருமுறையாவது நான் சொன்னதைக் கேட்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன்.

வெகுதூரம் போனபிறகு விளக்கு சாலையோரமாக ஒதுங்கி நின்றது. பக்கத்தில் போய் நிறுத்தினேன். ஹெல்மெட்டுக்குக் கீழே நரைத்த தாடி. எங்கள் கூட்டத்தைச் சேர்ந்த சர்தார்ஜி ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அரே பெஹன்ஜி, நீங்களா? அவர் எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

அவர் முன்னால் போய்விட்டாரா, பின்னால் நின்றுவிட்டாரா? பையிலிருந்து போனை எடுத்து அவருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். பின் பாக்கெட்டை நினைத்து எனக்கு அழுகை வந்தது. சர்தார்ஜி ஜஜ்ஜரில் முத்திரை போடுகிறவருக்குப் போன் செய்தார். என் வீட்டுக்காரர் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. அப்படியானால் பின்னால்தான். மாத்திரை என் பையில், அவர் எங்கோ பனிக்குள்.

சர்தார்ஜி கூட வருகிறேன் என்றார். வேண்டாம், நீங்கள் போங்கள் என்றேன். அடுத்தவருடைய நாளைக் கெடுக்கக் கூடாது என்ற என் பாழாய்ப்போன மரியாதை அப்போதும் விடவில்லை. சர்தார்ஜியிடமும் ஒரு பம்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பினேன். எதிரே ஒவ்வொரு முன்விளக்காகப் பனிக்குள்ளிருந்து முளைத்து வந்தது. ஒவ்வொன்றையும் பார்த்து "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். "க்யா ஹுவா ஆண்ட்டி?" என்று ஒருவன் என்ன ஆயிற்று எனக் கேட்டுக்கொண்டே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் விளக்குகளும் நின்றுபோயின. எங்களுக்குப் பின்னால் கிளம்பியவர்கள் எல்லோரும் கடந்துவிட்டார்கள். அப்புறம் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பாதையோரத்தில் ஏதாவது கறுப்பாகத் தெரிந்தால் அவர்தானோ என்று இறங்கிப் பார்த்தேன். ஒருமுறை சாக்கு மூட்டை, ஒருமுறை தூங்குகிற நாய்.

அப்போதுதான் பின்சக்கரம் உஸ் என்றது. இறங்கித் தொட்டுப் பார்த்தேன். காற்று முழுக்கப் போய்விட்டது. பம்பு அவரிடம்.

நடுச்சாலையில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதேன். அவரைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், விளக்கு விற்ற கடைக்காரனைத் திட்டினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தேன். அதற்குள் கையிலிருந்த போன் அடித்தது.

"எங்க இருக்கே நீ?" அவர் குரல்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"செயின் கழண்டுச்சு, ஓரமா நின்னு மாட்டினேன். நீ வரவே இல்லை. எங்கயோ பின்னாடி விழுந்து கிடக்கியோன்னு திரும்பிப் போயிட்டேன். தான்சா தாண்டினதும் ஒரு செங்கல் சூளை இருந்துச்சில்ல, அதுக்கிட்ட இருக்கேன்."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்லை. லேசா நெஞ்சை அழுத்துது. குளிர்தான்."

"உக்காருங்க. சைக்கிளைக் கீழ போட்டுட்டு அப்படியே உக்காருங்க."

"நீ எப்படி வருவே?"

"பங்ச்சர் ஆயிடுச்சு. வந்துடுவேன்."

"பம்பு எங்கிட்டல்ல இருக்கு? இரு, நான் வர்றேன்."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல!" வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. "ஒரு அடி எடுத்து வெச்சீங்கன்னா அவ்வளவுதான்."

ஓட்டத்தை நடத்துகிறவருக்குப் போன் செய்தேன். அவசரத்துக்கு அவர் வைத்திருந்த கார் ஜஜ்ஜர் பக்கம் இருந்தது. பனியில் வர நேரமாகும், ஆனால் உடனே கிளம்புகிறேன் என்றார். கடந்து போன ஒரு லாரியை நோக்கிக் கையை ஆட்டினேன். அந்தப் பனியில் என்னை யாருக்குத் தெரியும்? நடந்து போனால் எவ்வளவு நேரமாகும் என்று மனது தானாகக் கணக்குப் போட்டது. அந்த விடை எனக்கு வேண்டாம் என்று சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன்.

காற்றுப் போன சக்கரத்தில் ஓட்டக் கூடாது என்பது சைக்கிள்காரர்களின் அரிச்சுவடி. டயர் கிழியும், ரிம் வளையும். அந்தப் பின்சக்கரம் அவர் எனக்காகப் பல சனிக்கிழமைகள் ஜண்டேவாலானில் அலைந்து பொறுக்கியெடுத்து மாட்டியது. வாரந்தோறும் அதைத் துணியால் துடைத்து, சுழலவிட்டு, கோணல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அந்தச் சக்கரத்தின் மேல் என் முழு எடையையும் போட்டு மிதித்தேன். சாலை முழுக்கக் குண்டும் குழியும். ஒவ்வொரு குழியிலும் ரிம் தார்ச்சாலையில் இடிக்கிற சத்தம் முதுகெலும்பு வழியாக மண்டைக்கு ஏறியது. சைக்கிள் வாலை ஆட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் சறுக்கியது. விழுந்தால் அவரும் போய்விடுவார் என்று எனக்கு ஒரு நிச்சயம் வந்துவிட்டது. அதனால் விழவில்லை. அந்த வேகத்தில் நான் அதற்குமுன் ஓட்டியதே இல்லை.

செங்கல் சூளைப் புகை மூக்குக்கு எட்டியது. பிறகு பனிக்குள் தரையோடு தரையாக ஒரு சிவப்பு. மூன்று சிமிட்டல், ஒரு கணம். இதுவும் வேறு யாராவதாக இருந்துவிட்டால்?

"ஏங்க!"

"இங்கதான்."

மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. குளிரில் விறைத்த விரல் மாத்திரையைப் பிரிக்க மறுத்தது, பல்லால் கடித்துப் பிரித்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பார்வை என் சைக்கிள் பக்கம் போனது.

"ரிம் போச்சே."

"வாயை மூடுங்க. மாத்திரை கரையட்டும்."

கார் வந்தது. ஆஸ்பத்திரியில் இதயத்தின் இன்னொரு ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். அன்றே இரண்டாவது ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரை நேரத்துக்குக் கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் என்னிடம் சொன்னார். இனிமேல் சாலையில் தூரமெல்லாம் கூடாது, வீட்டைச் சுற்றி நடந்தால் போதும் என்றும் சொன்னார். அப்பாடா என்று இருந்தது. என் காவல் வேலை முடிந்தது, சைக்கிளை விற்றுவிடலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. அவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார், மூச்சு சீராக இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனாலும் எழுந்து பால்கனிக்குப் போய் அந்தக் கோணல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். பனிக்குள் அந்த ரிம்மில் ஓட்டியதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்கும். நடுங்கிக்கொண்டே அதை மறுபடி நினைத்துப் பார்க்கவும் பிடித்திருந்தது. புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தைப் போய் ஒருத்தி ஆசையாக நினைப்பாளா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அவரிடம் சொல்லத் தேவைப்படவில்லை. ஒரு சனிக்கிழமை மெட்ரோவில் எங்கோ போனார். நான் பதறிப்போய்ப் போன் மேல் போன் போட்டேன். சாயங்காலம் ஒரு புதுச் சக்கரத்தோடு வந்து நின்றார்.

"யாருக்கு இது?"

"உனக்குத்தான். ஞாயித்துக்கிழமையானா என்னைப் போட்டுக் கொல்றியே."

"நான் உங்களைப் பாத்துக்கத்தானே ஓட்டினேன்?"

"அச்சா, அப்படித்தான் நானும் நினைச்சேன்" என்று சொல்லி, சக்கரத்தை மாட்ட உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த குளிர்காலத்தில் அதே பாதையில் இருநூறு கிலோமீட்டருக்கு நான் தனியாகப் போனேன். பம்பு, டியூப், நெம்புகோல் எல்லாம் என் பையில். பங்ச்சர் ஒட்ட அவரிடமே படித்துக்கொண்டேன். மாத்திரையை அவர் சட்டைப் பையில் என் கண்முன்னால் வைக்கச் சொன்னேன். மேல்வீட்டு அம்மாளிடம் சொல்லிவைத்தேன். உண்மையிலேயே ஏதாவது என்றால் அந்த அம்மாள் ஓட்டத்தை நடத்துகிறவருக்குப் போன் செய்வார், கார் என்னிடம் வந்துவிடும். இவ்வளவு ஏற்பாடு செய்தும் கிளம்பும்போது கால் தரையை விட்டு எழவில்லை. அவர் என் பின்விளக்கைப் போட்டுவிட்டு, "ம், போ" என்றார்.

அன்றும் பனிதான். செங்கல் சூளையைத் தாண்டும்போது முதுகில் போன் அதிர்ந்தது. ஜெர்சியின் பின் பாக்கெட்டில், நேராகத் தண்டுவடத்தின் மேல் வைத்ததுபோல அதிர்ந்தது. நின்றது, மறுபடி அதிர்ந்தது. அவர்தான் என்று தெரியும். பால்கனியில் நிற்பார், கையில் காபி ஆறிக்கொண்டிருக்கும். எடுத்துவிடேன் என்றது மனது. முன்னால் சாலை வெளுத்துக்கொண்டு வந்தது, கால்கள் சுழன்றுகொண்டிருந்தன. நான் எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்கிறோமே என்று பயந்துகொண்டே மிதித்தேன். ஜஜ்ஜரில் முத்திரை வாங்கும்போது நலம் என்று ஒரு வரி அனுப்பினேன். ரேவாரியிலிருந்து ஒன்று. நடுவில் அந்த போன் எத்தனையோ தடவை என் முதுகைத் தட்டியது.

துவாரகாவில் முடிக்கும் இடம் ஒரு பார்க்கின் வாசல். நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. மப்ளரைச் சுற்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார், கண்கள் சிவந்திருந்தன. சைக்கிளை விட்டு இறங்கக் கால் மடங்கவில்லை. எப்படியோ இறங்கி, முதல் வேலையாக அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"போனை ஏன் எடுக்கலை?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"பின் பாக்கெட்ல இருந்துச்சு. கேக்கலை."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு குனிந்து என் சைக்கிளை வாங்கிக்கொண்டு, பின்விளக்கை அணைத்தார்.